தனிமங்களை அட்டவணையில் தொடங்காதீர்கள்

எட்டாம் வகுப்பில் தனிமங்கள் பாடம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறது. சுவரில் 118 கட்டங்கள் கொண்ட அட்டவணை, கரும்பலகையில் ஒரு வரையறை, வீட்டுப்பாடமாக முதல் 20 தனிமங்களின் பெயரும் குறியீடும். மறுநாள் பிள்ளைகள் "ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம், பெரிலியம்" என்று ராகம் போட்டு ஒப்பிப்பார்கள். பெரிலியம் என்றால் என்னவென்று கேட்டால் "நாலாவது தனிமம் சார்" என்பார்கள். அதற்கு மேல் அவர்களிடம் ஒன்றும் இருக்காது. நாம் ஒன்றும் கொடுக்கவில்லை.

ரஷ்ய வேதியியலாளர் மெண்டெலீவ் 1869-இல் அட்டவணையை வரைந்தபோது அறுபதுக்கும் மேற்பட்ட தனிமங்களின் குணங்களைப் பலர் பல பத்தாண்டுகள் ஆய்வுக்கூடங்களில் அலசி முடித்திருந்தார்கள். பிள்ளைகளுக்கும் அந்த வரிசையே பொருந்தும். முதலில் பொருளைக் கையில் கொடுக்க வேண்டும். பிறகு அது சேர்மத்துக்குள் போய் மறைவதையும் திரும்பி வருவதையும் காட்ட வேண்டும். கட்டங்கள் கடைசியில் வரட்டும். தீயில் இட்டாலும் அமிலத்தில் கரைத்தாலும் மின்சாரம் பாய்ச்சினாலும் தனிமம் வேறொரு தனிமமாக மாறாது, வழி தெரிந்தால் அதை அப்படியே திரும்ப எடுத்துவிடலாம் என்பதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு வரையறையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐந்து பீரியட் கிடைத்தால் தாராளமாக முடிக்கலாம்.

முதலில் ஒரு பெட்டி

காலியான ஸ்வீட் பெட்டி ஒன்றில் பொருள்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவை ஹார்டுவேர் கடையிலும் நாட்டு மருந்துக் கடையிலும் கிடைப்பவைதான்.

தாமிரத்துக்கு வீட்டு வயரிங் கம்பி. மேலே உள்ள பிவிசி உறையைக் கத்தியால் சீவி எடுங்கள். எரித்து எடுக்க வேண்டாம். எரியும் பிவிசியிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், தொண்டையையும் கண்ணையும் கரிக்கும். மோட்டார் காயிலில் சுற்றும் கம்பி வேண்டாம். பார்க்கத் தாமிர நிறமாகவே இருக்கும், ஆனால் மேலே வார்னிஷ் பூச்சு உண்டு. அதை உப்புத்தாளால் தேய்க்காமல் மின்கடத்தல் சோதனை செய்தால் "தாமிரம் மின்சாரத்தைக் கடத்தாது" என்று நோட்டில் எழுதிவிடுவார்கள்.

இரும்புக்கு ஆணி. வெள்ளையாகப் பளபளக்கும் ஆணி துத்தநாகம் பூசியது. சாதாரணக் கறுப்பு ஆணியைக் கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்குச் சப்பாத்தி சுற்றும் தாள். கந்தகம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும், நெல்லிக்காய்க் கந்தகம் என்று கேட்டால் கட்டியாகத் தருவார்கள். அதை வெடியுப்போடோ பொட்டாசியம் பெர்மாங்கனேட்டோடோ ஒரே டப்பாவில் வைக்காதீர்கள். மாணவர்கள் தாங்களாகக் கலந்து பார்க்கும் தூரத்தில்கூட அவை இருக்கக் கூடாது.

துத்தநாகமும் கார்பனும் ஒரே இடத்தில் கிடைக்கும்: பெரிய டார்ச் லைட் பேட்டரி. பாதி தீர்ந்தது நல்லது. முழுக்கத் தீர்ந்த செல்லில் துத்தநாகக் குவளை ஓட்டை ஓட்டையாக அரித்திருக்கும். கையுறை போட்டுக்கொண்டு, மேல் தகர உறையை மடிப்பில் குறடால் பிரித்து, மூடியைக் கழற்றி, நடுவில் உள்ள கரித்தண்டைத் திருகி இழுங்கள். சுற்றியுள்ள கறுப்புத் தூள் மாங்கனீசு டை ஆக்சைடும் கரித்தூளும் கலந்தது. தூக்கிப் போடாமல் நீரில் நாலைந்து முறை அலசி, வடிகட்டி, காயவைத்து எடுத்துவையுங்கள். ஆக்சிஜன் தயாரிக்க உதவும். வெளிக்குவளையைக் கத்தரியால் வெட்டி உப்புத்தாள் போட்டால் துத்தநாகத் தகடு ரெடி. 'ஆல்கலைன்' என்று அச்சிட்ட செல்லைத் திறக்கக் கூடாது, உள்ளே இருப்பது தோலை அரிக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. செல்போன் பேட்டரி, பட்டன் செல் பக்கம் போகவே வேண்டாம். லித்தியம் தீப்பிடிக்கும். இந்த வேலையை ஆசிரியர்தான் செய்ய வேண்டும், பிள்ளைகள் அல்ல.

பழைய தெர்மாமீட்டரை உடைத்துப் பாதரசம் காட்டும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அந்த வேலை வேண்டாம். உருண்டு ஓடிய பாதரசம் பெஞ்சின் இடுக்கில் போய் உட்கார்ந்துகொண்டு வருடக்கணக்கில் ஆவியாகிக்கொண்டிருக்கும்.

பெட்டியில் பாதி தனிமம் என்றால் மீதிப் பாதி பொறியாக இருக்கட்டும். எவர்சில்வர் கரண்டி (வெள்ளி துளியும் கிடையாது, இரும்பும் குரோமியமும் சேர்ந்தது, பல பாத்திரங்களில் நிக்கலும் உண்டு). பித்தளைத் திருகாணி. பென்சில் குச்சி, அது கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்த கலவை. 916 முத்திரை போட்ட மோதிரத்தின் படம். ஆயிரத்தில் 916 பங்குதான் தங்கம். உப்பு, சர்க்கரை, கண்ணாடித் துண்டு, ஒரு பாட்டில் தண்ணீர், இறுக மூடிய காலி பாட்டில். கடைசி பாட்டில்தான் பெரிய விவாதத்தைக் கிளப்பும்: உள்ளே ஒன்றுமில்லை என்று ஒரு கட்சி, காற்று இருக்கிறது என்று ஒரு கட்சி, காற்று தனிமமா என்று மூன்றாவது கட்சி. விட்டுவிடுங்கள். அன்றைக்கே தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

குழுவுக்கு ஐந்து பேர், மூன்று சோதனைகள். காந்தம், சுத்தியல், மின்கடத்தல். மின்கடத்தலுக்கு இரண்டு 1.5 வோல்ட் செல், ஒரு சிவப்பு எல்.இ.டி., தொடராக 100 ஓம் மின்தடை. மின்தடையை விட்டுவிட்டால் எல்.இ.டி. சில நிமிடத்தில் செத்துவிடும். திருப்பி மாட்டினால் எரியவே எரியாது. "உலோகமெல்லாம் காந்தத்தில் ஒட்டும்" என்ற நம்பிக்கை தாமிரத்திலும் அலுமினியத்திலும் உடையும். "உலோகம் மட்டும்தான் மின்சாரம் கடத்தும்" என்பது கரித்தண்டில் உடையும். கந்தகக் கட்டியைச் சுத்தியலால் தட்டும்போது துணியில் சுற்றித் தட்டச் சொல்லுங்கள், கண்ணில் தெறிக்கும்.

அடர்த்தியையும் இங்கேயே முடித்துவிடலாம். 50 கிராம் அலுமினியம் நீரில் 18.5 மில்லி இடம்பெயர்க்கும். 50 கிராம் இரும்பு 6.4 மில்லி, 50 கிராம் தாமிரம் 5.6 மில்லி. ஒரு மில்லிக்கு ஒரு கோடு போட்ட அளவுசாடியில் இரும்பையும் தாமிரத்தையும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆளுக்கொரு விடை வரும். அலுமினியம் தனியாகத் தெரிந்தாலே போதும், மற்ற இரண்டையும் நிறம் காட்டிக்கொடுத்துவிடும்.

தாமிரம் போய்வரும் பாதை

ஒரே ஒரு செய்முறைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். மற்ற எல்லாவற்றையும் விட்டுவிடலாம்.

பலஇழை தாமிரக் கம்பியின் நுனியில் 3 செ.மீ. உறை நீக்கி, இழைகளைத் துடைப்பம் போல விரித்து, இடுக்கியில் பிடித்து ஸ்பிரிட் விளக்கின் சுடரில் காட்டுங்கள். ஒரு நிமிடத்துக்குள் கறுக்கும். அது புகைக்கரி இல்லை, காப்பர் ஆக்சைடு. புகைக்கரி என்று சொல்லும் பிள்ளையிடம் விரலால் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள் (ஆறிய பிறகு). புகைக்கரி விரலில் ஒட்டும்; இது லேசில் வராது, சுரண்டினால் செதிலாக உதிரும்.

இங்கே ஒரு தடுமாற்றம் வரும். சிலருடைய கம்பி கறுத்துவிட்டு மறுபடி பளிச்சென்று இளஞ்சிவப்பாகும். அவர்கள் கம்பியைச் சுடரின் உள்பகுதியில், திரிக்குப் பக்கத்தில் பிடித்திருப்பார்கள். அங்கே எரியாத ஆல்கஹால் ஆவி இருக்கிறது. சூடான காப்பர் ஆக்சைடிலிருந்து அது ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ள, தாமிரம் மீண்டுவிடுகிறது. தவறு என்று திட்டாமல் வகுப்பு முழுவதற்கும் காட்டுங்கள். சுடரின் நுனியில் கறுப்பு, அடியில் சிவப்பு, மறுபடி நுனியில் கறுப்பு. அதே தாமிரம் போய்ப் போய் வருகிறது.

அடுத்தது கரைப்பது. ஒரு மோலார் அளவுக்கு நீர்த்த கந்தக அமிலம் வேண்டும். ஆய்வகத்தில் இல்லையென்றால் பேட்டரி கடையில் விற்கும் பேட்டரி ஆசிட் ஒரு பங்கை மூன்று பங்கு நீரில் மெதுவாக ஊற்றிக் கலக்கினால் ஏறக்குறைய அந்தச் செறிவு வரும். நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது, சூடேறித் தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் யாரும் கிட்டே வரக் கூடாது. சோதனைக் குழாயில் 5 மில்லி அமிலத்தை வெதுவெதுப்பாக்கி, கறுத்த கம்பியை அதில் முக்கினால் கறுப்பு கரைந்து உள்ளேயிருக்கும் தாமிரம் பளபளக்கும். கம்பியை அலசி, துடைத்து, மறுபடி சூடாக்கி, மறுபடி முக்குங்கள். ஐந்தாறு முறைக்குப் பிறகு குழாயின் பின்னால் வெள்ளைத்தாள் பிடித்துப் பார்த்தால் நீலம் தெரியும். 5 மில்லிக்குப் பதில் 50 மில்லி எடுத்தால் நீலம் தெரியவே தெரியாது. கரையும் தாமிரம் சில மில்லிகிராம்தான்.

நீலம் இன்னும் அழுத்தமாக வேண்டுமென்றால் கடையில் வாங்கிய காப்பர் ஆக்சைடுத் தூள் 0.5 கிராமை 10 மில்லி அமிலத்தில் சூடாக்கிக் கரைக்கலாம். கணக்குப் போட இது வசதியானது: காப்பர் ஆக்சைடின் எடையில் ஐந்தில் நாலு பங்கு தாமிரம், ஆக 0.5 கிராமுக்குள் 0.4 கிராம் தாமிரம் இருக்கிறது. அதைத் திரும்பப் பிடிக்க வேண்டும்.

உப்புத்தாள் போட்டுத் துடைத்த ஆணிகள் மூன்றை அந்த நீலக் கரைசலில் போடுங்கள். சில விநாடிகளில் செந்நிறம் படியும். மிச்சமிருக்கும் அமிலத்தால் குமிழிகளும் வரும், அது ஹைட்ரஜன். பக்கத்தில் விளக்கு எரியக் கூடாது. மறுநாள் பார்த்தால் நீலம் போய் வெளிர்பச்சை வந்திருக்கும், அடியில் பழுப்புச் சிவப்புத் தூள் தங்கியிருக்கும். வடிகட்டி, அலசி, வெயிலில் காயவைத்து நிறுத்தால் 0.4 கிராமுக்குப் பக்கத்தில் வர வேண்டும். கூடுதலாக வந்தால் ஈரம் போகவில்லை, அல்லது ஆணித் துணுக்கு கலந்திருக்கிறது (காந்தம் காட்டிக்கொடுக்கும்). அடுப்பில் சுட்டுக் காயவைத்தால் தூள் மறுபடி கறுத்து எடை கூடும். குறைவாக வந்தால் வடிதாளில் ஒட்டியது போயிருக்கும்.

இந்த இடத்தில் ஒரு பிள்ளையாவது "இரும்பு தாமிரமாக மாறிவிட்டது" என்று சொல்லும். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். அதுதான் இந்தப் பாடத்தின் மையக் கேள்வி. ரசவாதிகள் பலரையும் ஏமாற்றியதும் இதே காட்சிதான். ஆணியை முன்னும் பின்னும் நிறுத்தால் இரும்பு குறைந்திருக்கும். குறைந்த இரும்பு எங்கே? கரைசலின் வெளிர்பச்சையில். படிந்த தாமிரம் எங்கிருந்து வந்தது? நீலத்திலிருந்து. ஒப்பிட்டுப் பார்க்க, வெறும் அமிலத்தில், தாமிரம் இல்லாமல், இன்னொரு ஆணியைப் போட்டு வையுங்கள். எத்தனை நாள் கிடந்தாலும் அது சிவக்காது.

வேலை முடிந்த நீலக் கரைசலைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம், தாமிர உப்பு மீனுக்கும் பாசிக்கும் நஞ்சு. இரும்புத் துருவலைப் போட்டு நீலம் முழுக்கப் போகும்வரை வைத்து, சலவைச் சோடாவால் அமிலத்தை முறித்துவிட்டு ஊற்றுங்கள்.

இரும்பும் கந்தகமும்

கலவைக்கும் சேர்மத்துக்கும் உள்ள வித்தியாசத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. அளவு 7-க்கு 4, எடைப்படி. ஒரு சோதனைக் குழாய்க்கு 1.75 கிராம் இரும்புத்தூள், 1 கிராம் கந்தகத் தூள். கலந்து தாளில் பரப்பி, பாலிதீன் பையில் சுற்றிய காந்தத்தை மேலே நகர்த்தினால் இரும்பு தனியாக எழும்பி வரும். (காந்தத்தைச் சுற்றாமல் விட்டால் அதிலிருந்து தூளை எடுப்பதற்குள் பீரியட் முடிந்துவிடும்.) மறுபடி கலந்து குழாயில் போட்டு, வாயில் கண்ணாடிப் பஞ்சு தளர்வாக அடைத்து, அடியை மட்டும் சூடாக்குங்கள். சிவந்து ஒளிர ஆரம்பித்ததும் விளக்கை எடுத்துவிடுங்கள். செந்தழல் தானாகவே மேலே ஏறும், பிள்ளைகள் வாயைப் பிளப்பது அங்கேதான். ஆறிய பிறகு குழாயைத் துணியில் சுற்றி உடைத்துத்தான் பொருளை எடுக்க வேண்டும். அந்தக் குழாய் இனி உதவாது, பழைய குழாயாகப் பார்த்து எடுங்கள்.

கிடைத்த கறுப்புக் கட்டி காந்தத்தில் ஒட்டக் கூடாது. நடைமுறையில் கொஞ்சம் ஒட்டும். காரணம் இரும்பு அதிகமாகிவிட்டது, அல்லது தூள் பெரிதாக இருந்து உள்ளே வினைபுரியாமல் நின்றுவிட்டது. லேத் பட்டறையிலிருந்து வாங்கும் சுருள் இரும்பு இதற்கு ஆகாது. எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், பித்தளைத் துணுக்கும் கலந்திருக்கும். அரத்தால் அராவிய பொடியை டிடர்ஜென்ட் போட்டு அலசி, உடனே காயவைத்துப் பயன்படுத்துங்கள், தாமதித்தால் துருப்பிடிக்கும். சன்னல்களைத் திறந்து வையுங்கள். கொஞ்சம் கந்தகம் எரிந்து சல்ஃபர் டை ஆக்சைடு வந்தே தீரும், இழைப்பு உள்ள பிள்ளைகள் வெளியே வராந்தாவில் நின்று பார்க்கட்டும். கடைசியில் கிடைத்த கட்டி மேல் அமிலத்தை ஊற்றிக் காட்ட வேண்டாம், வருவது நச்சு வாயு.

கண்ணுக்குத் தெரியாதவை

ஆக்சிஜனுக்கு மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு, 6 சதவீதம் என்று எழுதியது. அதில் 10 மில்லியிலிருந்து சுமார் 200 மில்லி ஆக்சிஜன் வரும். உயரமான கண்ணாடி டம்ளரில் ஊற்றி, பேட்டரியிலிருந்து எடுத்த கறுப்புத் தூள் ஒரு சிட்டிகை போட்டு, மேலே ஒரு தட்டால் மூடுங்கள். இறுக்கி மூடக் கூடாது. ஒரு நிமிடம் கழித்து, தணல் மட்டும் இருக்கும் ஈர்க்குச்சியை உள்ளே இறக்கினால் குப்பென்று பற்றும். கறுப்புத் தூள் இல்லையென்றால் துருவிய பச்சை உருளைக்கிழங்கு ஒரு ஸ்பூன். ஆனால் கிழங்கு அதிக நுரை கட்டும், நுரையில் பட்டால் தணல் அணைந்துவிடும். வேகவைத்த கிழங்கு வேலை செய்யாது. அதிலுள்ள நொதி வெப்பத்தில் கெட்டுவிடுகிறது. வெயிலில் வைத்த பழைய பாட்டிலில் பெராக்சைடு ஏற்கெனவே சிதைந்து வெறும் நீராகியிருக்கும். வகுப்புக்கு முன்பே சோதித்துவிடுங்கள்.

ஹைட்ரஜனுக்குத் துத்தநாகமும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும். ஒரு கிராம் துத்தநாகம் 350 மில்லிக்கு மேல் ஹைட்ரஜன் தரும். ஒரு சோதனைக் குழாயை நிரப்ப நகக்கண் அளவுத் துண்டு போதும். வினை மந்தமாக இருந்தால் இரண்டு சொட்டு மயில்துத்தக் (காப்பர் சல்ஃபேட்) கரைசல் விடுங்கள், துத்தநாகத்தின் மேல் தாமிரம் படிந்து வேகம் கூடும். வாயுவைத் தனிக் குழாயில் தலைகீழாகப் பிடித்து, வினை நடக்கும் பாத்திரத்திலிருந்து இரண்டு மீட்டர் தள்ளிக் கொண்டுபோய்த்தான் தீக்குச்சி காட்ட வேண்டும். வாயு வந்துகொண்டிருக்கும் குடுவையின் வாயிலேயே தீ வைத்தால் உள்ளே இருக்கும் காற்றும் ஹைட்ரஜனும் சேர்ந்து குடுவையே வெடிக்கும். திருவிழாவில் விற்கும் பறக்கும் பலூனில் இருப்பது ஹீலியம் என்று நம்பித் தீயருகே கொண்டுபோகக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். பலூனில் ஹைட்ரஜன் அடைத்து விற்பது நம் ஊரில் சாதாரணம்.

தண்ணீர் தனிமமல்ல என்று காட்ட 9 வோல்ட் பேட்டரியும் இரண்டு பென்சில் குச்சிகளும் போதும். கடத்துவதற்கு ஒரு டம்ளருக்கு ஒரு ஸ்பூன் சலவைச் சோடா. சாப்பாட்டு உப்பு போட்டால் குளோரின் வரும். ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் ஆக்சிஜன், கனஅளவில் 2-க்கு 1 என்று புத்தகம் சொல்லும். உங்களுக்கு 3-க்கு 1 அல்லது அதைவிட மோசமாகத்தான் வரும். ஆக்சிஜனில் ஒரு பங்கு நீரில் கரைகிறது, இன்னொரு பங்கு கரிக்குச்சியையே அரித்துக் கார்பன் டை ஆக்சைடாகி, சோடாக் கரைசலில் கலந்துவிடுகிறது. பத்து நிமிடம் ஓடவிட்டு, அதன்பின் குழாய்களை நிரப்பி அளந்தால் கொஞ்சம் தேறும். முழுக்கச் சரியாக வராது. வராததன் காரணத்தைப் பிள்ளைகள் சொல்லிவிட்டால் அதற்கே முழு மதிப்பெண் போடலாம்.

சுடரின் நிறம்

மின்சார அடுப்பின் பழைய சுருள் நிக்ரோம் கம்பி. அதில் ஒரு துண்டு வெட்டி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் முக்கிச் சுடரில் காட்டி, நிறம் எதுவும் வராதவரை சுத்தம் செய்யுங்கள். சாப்பாட்டு உப்பு மஞ்சள். சமையல் சோடாவும் மஞ்சள். சலவைச் சோடாவும் மஞ்சள். மூன்றும் வேறு வேறு பொருள், மூன்றிலும் உள்ள பொதுவான ஆள் சோடியம். மயில்துத்தம் பச்சை. முட்டை ஓட்டை அமிலத்தில் கரைத்தால் கால்சியத்தின் செங்கல் சிவப்பு. உரக்கடைப் பொட்டாஷ் வெளிர் ஊதா தர வேண்டும், தராது. அதிலுள்ள துளி சோடியத்தின் மஞ்சள் எல்லாவற்றையும் மூடிவிடும். நீலக் கண்ணாடித் துண்டு வழியாகப் பார்த்தால் மஞ்சள் வடிகட்டப்பட்டு ஊதா தெரியும். வியர்த்த விரலால் கம்பியைத் தொட்டாலும் மஞ்சள்தான்.

உப்புகளைக் கிண்ணங்களில் ஆல்கஹாலோடு ஊற்றிக் கொளுத்தி வானவில் காட்டும் வீடியோக்கள் நிறைய உலவுகின்றன. அதைச் செய்யவே கூடாது. அணைந்ததாக நினைத்துக் கேனிலிருந்து மறுபடி ஊற்றும்போது தீ கேனுக்குள் பாய்ந்து, முன்வரிசை மாணவர்கள் கருகிய விபத்துகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன.

இந்த மஞ்சளை வைத்து ஒரு உண்மைக் கதை சொல்லலாம். 1868 ஆகஸ்டு 18 அன்று முழுச் சூரிய கிரகணம். அப்போதைய சென்னை மாகாணத்தின் குண்டூரில் பிரெஞ்சுக்காரர் ஜான்சென். மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் போக்சன். சூரியனின் விளிம்பில் எழும் தீநாக்குகளின் ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது ஒரு மஞ்சள் கோடு கிடைத்தது. சோடியத்தின் கோடுகள் 589.0, 589.6 நானோமீட்டர், இது 587.6. அதே ஆண்டு இங்கிலாந்தில் அதைப் பார்த்த லாக்யர், இது பூமியில் யாரும் அறியாத தனிமம் என்ற முடிவுக்கு வந்தார். பலர் நம்பவில்லை. 1895-இல் வேதியியலாளர் ராம்சே ஒரு யுரேனியக் கனிமத்திலிருந்து அதே தனிமத்தை, அதாவது ஹீலியத்தை, பிடித்துக் காட்டினார். யாரும் தொட்டிராத ஒரு தனிமத்தைச் சுடரின் நிறம் மட்டும் 27 ஆண்டுகள் முன்னதாகக் காட்டிக்கொடுத்திருக்கிறது.

லேபிள் படிப்பது

அரசுப் பள்ளிகளில் வாராவாரம் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையின் அட்டையில் "தனிம இரும்பு 60 மி.கி." என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். மாத்திரை அருகே காந்தத்தைக் கொண்டுபோங்கள், ஒட்டாது. உள்ளே இருப்பது இரும்பின் உப்பு. அந்த உப்புக்குள் இரும்பு மட்டும் எவ்வளவு என்பதுதான் 60 மி.கி. பாலில் கால்சியம், வாழைப்பழத்தில் பொட்டாசியம் என்று சொல்வதெல்லாம் இந்தக் கணக்கில்தான். பொட்டாசியம் உலோகமாக வாழைப்பழத்தில் இருந்தால் அது தட்டிலேயே தீப்பிடித்திருக்கும்.

விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உர மூட்டை இன்னும் நெருக்கம். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். 45 கிலோ மூட்டையில் 20.7 கிலோ. டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) மூட்டையில் 18-46-0 (வரிசையாக நைட்ரஜன், பாஸ்பேட், பொட்டாஷ்) என்றிருக்கும். அந்த 46 பாஸ்பரஸ் இல்லை, பாஸ்பரஸ் பென்டாக்சைடாகக் கணக்கிட்ட அளவு, 0.436-ஆல் பெருக்கினால் தனிமப் பாஸ்பரஸ் 20 சதவீதம். மூட்டைக்குள் பாஸ்பரஸ் பென்டாக்சைடு என்ற பொருளே கிடையாது, பழைய கணக்குமுறை ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

குறியீடுகளை இப்போது கொடுங்கள். முதல் 20, அதோடு இரும்பு, தாமிரம், துத்தநாகம், வெள்ளி, தங்கம், வெள்ளீயம், காரீயம், பாதரசம், அயோடின், நிக்கல். முப்பது போதும். முதலெழுத்து பெரிது, இரண்டாவது சிறிது என்ற விதியில் மட்டும் கறாராக இருங்கள்: பெரிய சி, சின்ன ஓ என்றால் கோபால்ட், இரண்டும் பெரிது என்றால் ஆளைக் கொல்லும் கார்பன் மோனாக்சைடு.

கடைசியாக அட்டவணை

28 அட்டைகள் வெட்டுங்கள். லித்தியம் முதல் ஃபுளோரின் வரை 7. சோடியம் முதல் குளோரின் வரை 7. பொட்டாசியம், கால்சியம், காலியம், ஜெர்மானியம், ஆர்சனிக், செலினியம், புரோமின். ருபீடியம், ஸ்ட்ரான்சியம், இண்டியம், வெள்ளீயம், ஆண்டிமனி, டெலுரியம், அயோடின். ஒவ்வொன்றிலும் அணு நிறை, அடர்த்தி (வாயு என்றால் 'வாயு' என்று மட்டும்), ஹைட்ரஜனோடோ குளோரினோடோ எந்த விகிதத்தில் சேரும், உலோகமா அலோகமா என்பது இருக்கட்டும். அணு எண் எழுதக் கூடாது, எழுதினால் புதிர் அங்கேயே முடிந்துவிடும். ஸ்காண்டியம் முதல் துத்தநாகம் வரையிலான பத்து உலோகங்களையும் அதற்கடுத்த வரிசையில் அவற்றின் கூட்டாளிகளையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறோம், சேர்த்தால் எட்டாம் வகுப்பு திணறிப்போகும். விட்டதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

ஜெர்மானியம் அட்டையை எடுத்து ஒளித்துவைத்துவிட்டு மீதி 27-ஐக் கொடுங்கள். நிறை வரிசையில் அடுக்கி, குணம் திரும்பும் இடத்தில் புது வரிசை தொடங்க வேண்டும். காலியத்துக்கும் ஆர்சனிக்குக்கும் இடையில் ஓட்டை விழும். ஓட்டை விடாமல் நெருக்கி அடுக்கும் குழுவுக்கு ஆர்சனிக் சிலிக்கானின் கீழே போய்விடும், அதன் சேர்க்கை விகிதம் பொருந்தாது. அவர்களே கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடித்ததும் மேலே சிலிக்கான், கீழே வெள்ளீயம், இடது காலியம், வலது ஆர்சனிக் ஆகிய நான்கின் சராசரியைப் போடச் சொல்லுங்கள். நிறை: 28.1, 118.7, 69.7, 74.9, சராசரி 72.85. அடர்த்தி: 2.33, 7.27, 5.91, 5.73, சராசரி 5.31. இப்போது ஒளித்துவைத்த அட்டையை எடுங்கள். 72.6, 5.32. மெண்டெலீவ் இதே போல அக்கம்பக்கத்தைப் பார்த்துச் சொன்னது 72, 5.5, ஜெர்மன் வேதியியலாளர் விங்க்லர் 1886-இல் ஜெர்மானியத்தைக் கண்டுபிடிக்கும்வரை அதைச் சரிபார்க்க ஆளில்லை.

நான்காம் வரிசைக் கடைசியில் ஒரு சண்டை காத்திருக்கும். டெலுரியம் 127.6, அயோடின் 126.9. நிறைப்படி அடுக்கினால் அயோடின் முன்னால் வந்து செலினியத்தின் கீழே உட்காரும், டெலுரியம் புரோமினின் கீழே. சேர்க்கை விகிதம் அதை மறுக்கும். பாதிப் பேர் "நிறைதான் விதி" என்பார்கள், பாதிப் பேர் "குணம்தான் விதி" என்பார்கள். மெண்டெலீவ் குணத்தின் பக்கம் நின்று, டெலுரியத்தின் நிறையைத் தப்பாக அளந்திருக்கிறார்கள் என்றார். அளவு தப்பில்லை. இதே சிக்கலை இன்னும் கூர்மையாக்க 39.95 நிறை கொண்ட ஆர்கான் அட்டையைக் கொடுத்து, 39.10 நிறையுள்ள பொட்டாசியத்துக்கு முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்று கேட்கலாம்.

ஆங்கிலேய இயற்பியலாளர் மோஸ்லி 1913-இல் தனிமங்களின் எக்ஸ் கதிர்களை அளந்தபோதுதான் வரிசைக்கு அடிப்படை நிறையல்ல, அணுக்கருவின் நேர்மின் சுமை என்று தெரிந்தது. அணு எண்ணைப் பிள்ளைகள் அட்டைகளின் மூலையில் எழுத வேண்டியது இப்போதுதான்: டெலுரியம் 52, அயோடின் 53, ஆர்கான் 18, பொட்டாசியம் 19.